ரோஜாவுக்கு ஒரு ஆள்

பிரான்ஸின் போர்தோவில் எங்கள் லபோர்த் தோட்டத்து ஒயினுக்கு நல்ல பேர். போன வருடம் மட்டும் பக்கத்துத் தோட்டத்து மொரேல் தங்கப் பதக்கத்தைத் தட்டிச் சென்றுவிட்டார். இந்த வருடம் அதை மீட்டே தீருவதாக முதலாளி அர்மான் சபதம் போட்டிருந்தார்.

முதலாளியம்மா என்னை வேலைக்கு எடுத்தார். திராட்சை வரிசைகளின் முனையில் நிற்கும் ரோஜாச் செடிகள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார்.

ஆகஸ்டில் கொடியெல்லாம் சாம்பல் நோய். ஒரு கூடை பழம்கூடத் தேறாது.

"பசீல், ரோஜா எப்படிடா இருக்கு?" என்று வந்தார் முதலாளி.

"ஒரு இலைகூடக் கெடல முதலாளி. மே மாசம் லேசா சாம்பல் பூத்துச்சு. உடனே மருந்தடிச்சு விரட்டிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதுக்குப் போய் உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்."

தொப்பியைத் தரையில் அடித்தார். "மடையா! நோய் முதல்ல ரோஜாவுலதான் தெரியும். அதைப் பாத்துத்தான் கொடிக்கு மருந்தடிப்போம். குரைக்கிற நாய்க்கு வாயைக் கட்டிட்டியே!"

"மன்னிச்சிருங்க முதலாளி. அடுத்த வருஷம் தன் ரோஜாவையும் பாத்துக்க வரச் சொல்லி மொரேல் கூப்பிட்டிருக்காரு. இன்னைக்கே முடியாதுன்னு சொல்லிடறேன்."

அர்மான் குனிந்து தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

"எதுக்குடா? கட்டாயம் போ. மருந்து என் செலவு."