கையா, உறையா?

வெளிநாட்டில் ஆடப்போன இடத்தில் இறந்துபோன செலினாவின் விக்கெட் கீப்பர் கையுறைகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்திருந்தன. அவள் கைப்பழக்கமெல்லாம் அவற்றுக்கு மனப்பாடம். விளையாட்டுச் சாமான் என்று பதிந்தால், சுங்கத்தில் அதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். மனித உறுப்பு என்றால் அப்படியே வீட்டுக்கு.

அவள் கணவன் கஸ்பார் சுங்க மேசை முன் நின்றான்.

“எது முக்கியமோ அதை வச்சுத்தான் வகை பிரிக்கணும் சார். கையா, உறையா?” என்றபடி சுங்க அதிகாரி மும்தாஜ் ஓர் உறையைத் தொட்டாள். அது அவள் சுண்டுவிரலைப் பிடித்துச் சொடக்கெடுத்தது.

“யாரு கை கொடுத்தாலும் இப்படித்தான் செய்வா மேடம்.” என்றான் கஸ்பார்.

மும்தாஜ் படிவத்தில் ‘உறை’யை அடித்துவிட்டு, ‘கை’ என்று பதிந்தாள்.

வலது உறையை மாட்டிக்கொண்டு கஸ்பார் அவளைக் கும்பிட்டான். கூப்பிய இரண்டு கைகளில் ஒன்று செலினாவுடையது.