பூனை மருந்து

அக்கா அப்போது அறையில் இருந்தாளா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. அவள் கணவர் பேசியது மட்டும் நினைவிருக்கிறது.

என் வீட்டு மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார்.

“இது இங்க எதுக்கு?”

“பூனைக்கு அத்தான். அலர்ஜி. சொறிஞ்சே கழுத்தெல்லாம் புண்ணாயிடுச்சு. மனுஷ மருந்துதான், ஆனா பூனைக்கும் கேக்கும்னு டாக்டர் எழுதினார்.”

“பூனைச் சொறிக்கு இதா?”

“அது தேறினா சரி.”

“நல்ல டாக்டராத்தான் புடிச்சிருக்கே. நாளைக்கு எலிக்கும் எழுதுவான்.”

அட்டையை விரல்நுனியால் தள்ளிவிட்டுக் கைகழுவப் போனார்.

பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அத்தான் தினமும் விழுங்கிவந்ததும் அதே மருந்துதான். பூனையோடு சமபந்தியா என்று, யாரிடமும் சொல்லாமல் அன்றே நிறுத்திவிட்டார்.

பூனைக்கு முடி முளைத்துவிட்டது. அத்தான் மறுபடி டயாலிசிஸுக்குப் போகிறார். சிறுநீரகம் கொடுத்த அக்கா, மிச்சமிருக்கும் ஒன்றோடு அவருக்குத் துணையாகப் போகிறாள்.