இடுப்பில் ஏறிய இரும்பு

"பாத்து, மடிக்காம புடிமே! என் இடுப்பே அதுலதான் கீது!" என்று மேல்படியிலிருந்து அதட்டினார் டில்லிபாபு. கைத்தடி அவர் கக்கத்தில் இருந்தது.

எலும்பு டாக்டரின் கிளினிக்கை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ! எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளில் சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும் தொங்க, மனைவி ராஜாத்தி ஒவ்வொரு படியிலும் இடது காலை வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து ஏறிவந்தாள்.

"இன்னா அன்னநடை? நோயாளி நானா, நீயா?"

"வந்துகினுதான்யா கீறேன்."

டில்லிபாபுவுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபத்தைந்து வருடமாகச் சுமை தூக்கும் வேலை. எட்டு மாதம் முன்பு தெருவில் நடந்த இலவச முகாமில், இடுப்பு வலி என்று புருஷன் பெண்டாட்டி இருவருமே படம் எடுத்துக்கொண்டார்கள். ராஜாத்திக்கு ஒன்றுமில்லை. அவருக்குத்தான் வலது இடுப்பு மூட்டில் தேய்மானம்.

அன்றிலிருந்து எம்.கே.பி. நகர் வீட்டில் அவருக்கு ராஜ உபசாரம். தரையில் உட்காராதே, குனியாதே, பாரம் தூக்காதே என்று முகாமில் கொடுத்த தாளில் இருந்ததெல்லாம் அவருக்கு வேதவாக்கு. மூன்று மாடி ஏறித் தண்ணீர்க் குடத்தை ராஜாத்தி தூக்கினாள். அவர் லுங்கியையும் அவளே குந்தி உட்கார்ந்து துவைத்தாள்.

தினமும் நட, பயிற்சி செய், தொப்பையைக் குறை என்று அதே தாளில் கீழே இருந்த வரிகளுக்கு மட்டும் அவருக்குக் கண் தெரியவில்லை. கேரம் போர்டைப் போட்டுவிட்டால் தரையில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் அசையமாட்டார்.

"தொடை இடுக்குல உசுரு போவுதுய்யா" என்று ராஜாத்தி எப்போதாவது வாய் திறந்தால், "உனக்குத்தான் ஒண்ணியும் இல்லன்னு வந்துச்சே, சும்மா சீன் போடாதமே" என்று அடைத்துவிடுவார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். இடுப்புக்கூட்டின் நடுவில், ஆங்கில எழுத்து டி போல வெள்ளையாக ஒரு பொடித் துண்டு தெரியும்.

"பாத்தியா மாமு? இரும்ப தூக்கித் தூக்கி, இரும்பே ஒடம்புல ஏறிக்கிச்சு!"

வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எதிர்வீட்டு ஜெயவேல் கையெடுத்துக் கும்பிட்டே விட்டான்.

இன்று வந்தது ஒரு கடிதத்துக்காக. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், கேட்டில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். சாகும்வரை உட்கார்ந்த இடத்தில் சம்பளம், யாருக்குக் கசக்கும்?

டாக்டரம்மாவின் அறையில் நோயாளிக்கு ஒரே நாற்காலி. "ஐயோ அம்மா" என்று டில்லிபாபு அதில் சாய்ந்தார். ராஜாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து, வலது காலை மடக்கித் திருப்பினார். அது நன்றாகவே திரும்பியது.

"வலிக்குதா?"

"உசுரே போவுது மேடம்" என்றார் டில்லிபாபு, கொஞ்சம் தாமதமாக. அப்படியே எழுந்து போய் மறுபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "தேய்மானம் ரொம்ப மோசம். இந்த மூட்டை வச்சுக்கிட்டு நடக்கறதே பெரிசு."

"கேட்டுக்கினியாமே?" டில்லிபாபுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அன்னைக்கு உங்க வீட்ல வேற யாராவது படம் எடுத்தாங்களா?"

"இவளும் எடுத்தா மேடம். கவர்ல பேருகூட போடல, வெறும் டோக்கன் நம்பர்தான். நான்தான் ரெண்டையும் வாங்கியாந்தேன். ஒண்ணுல தேஞ்சிகீது, ஒண்ணு நல்லாகீதுன்னாங்க. தேஞ்சது யாருதுன்னு கேக்கணுமா இன்னா? வூட்ல ஒழைக்கறவன் நான்தானே!"

டாக்டரம்மா எழுந்தார். தன் நாற்காலியை இழுத்து ராஜாத்தியின் பக்கத்தில் போட்டார். "அம்மா, மொதல்ல நீங்க உட்காருங்க."

டில்லிபாபு பதறிப்போனார். "இன்னா மேடம் இது? நோயாளி நானு! படத்துல இரும்பு ஏறிக் கெடக்குது, நல்லா பாருங்க!"

"அது இரும்பு இல்லைங்க, கர்ப்பப்பையில வைக்கற காப்பர்-டி."