பத்திலொரு நடுக்கம்

"நடுக்கக் கணக்கு முழுக்க நீங்களே செய்தனீங்களோ, சேர்?" மதிப்பீட்டுக் கூட்டத்தில் நிவேதனா கேட்டாள்.

"ஓம் பிள்ளை, ஒவ்வொரு எழுத்தும் என்ரை," என்றார் மேலாளர் குகதாசன்.

நல்லூரில் எழப்போகும் ஏழு மாடிக் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்க்க, பழைய நடுக்கப் பதிவுகளைத் தெரிந்தெடுத்து, அளவு பொருத்தி, மூன்று மாதம் மாரடித்தவள் அவள். அறிக்கையின் முகப்பிலோ அவருடைய பெயர். இது மூன்றாம் முறை.

"அப்ப, பதிவுகளைப் புவியீர்ப்பு எண் 9.81 ஆல் பெருக்க மறந்ததும் நீங்களோ? நடுக்கம் பத்திலொன்றாய்ச் சுருங்கிப்போச்சே! உதுக்குக் கோழிக்கூடும் விழாது."

கூட்டம் சிரித்தது. "பிழை இவளின்ரை!" என்று பதறினார் குகதாசன்.

"இப்பதானே ஒவ்வொரு எழுத்தும் உங்கடை எண்டனீங்கள்?" என்றார் தலைவர்.

நிவேதனா சரியான கணக்கைப் பையிலிருந்து எடுத்தாள். அவர் களவெடுப்பார் என்று தெரிந்து, கோப்பில் அந்தப் பெருக்கலை அழித்துவைத்தவளும் அவள்தான்.