முதல் விமானத்தில் ஓர் இருக்கை

விமானி இல்லாத விமானங்கள் வந்தபின், குண்டு போடச் சொல்வது விமானப்படைத் தளபதிகளுக்கு டீ சொல்வது மாதிரி ஆகிவிட்டது. அதற்காகத்தான் அந்தச் சட்டம்: குண்டு போடப் போகும் முதல் விமானத்தில் தளபதி வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து போகவேண்டும். போன தளபதியின் தம்பி அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை.

இப்போதைய தளபதி செண்பகவல்லிக்கு வீட்டில் இருப்பது கணவர் ஆவுடையப்பன் மட்டுமே. எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து, ஃபோன் மணி அடித்தாலே அவர் கைவேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்.

அன்று காலை அவர் தோசை ஊற்றும்போது மணி அடித்தது. செண்பகவல்லி ஃபோனை எடுத்து, மறுமுனையில் சொன்னதை வெகுநேரம் கேட்டாள். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

"என்ன செண்பகம், என்ன சொல்றாங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளாக அடுப்படிப் பக்கமே வராதவள், அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க. இன்னிக்கு நான் ஊத்துறேன்."