லேசருக்கு டியூஷன்

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி விசாரணையை ஆரம்பித்தாள்.

“மண்ணுல மணல் எவ்வளவு, களிமண் எவ்வளவுன்னு உங்க ஆய்வுக்கூடத்துக்கு வந்த லேசர் மெஷின் ஒரே நிமிஷத்துல சொல்லிடும்னீங்க. அப்புறம் ஏன் தினமும் லேட்டு?”

வலிக்கும் தோளோடு நாற்காலியில் சரிந்தேன். “அதுக்கு முதல்ல பாடம் நடத்தணும். ஒவ்வொரு மண்ணையும் நான் ஜாடியில கலக்கி, படியவிட்டு, விடையைச் சொன்னாத்தான் அது கத்துக்கும்.”

“உங்ககிட்ட படிச்சா உருப்பட்ட மாதிரிதான்! சீக்கிரம் முடிச்சுத் தொலைங்க.”

“முடிச்சா அப்புறம் நாள் முழுக்க வீட்டுலதான்.”

“லீவு தர்றாங்களா?”

“இல்ல. மெஷின் தேறிட்டா ஆய்வுக்கூடத்துக்கு நான் வேண்டாமாம்.”

அவள் அலமாரியைத் திறந்து தைலத்தை எடுத்தாள். பிறகு என் தோளில் தேய்த்தபடி சொன்னாள்:

“ஒண்ணும் அவசரமில்ல. அனா ஆவன்னாவுலேருந்து நிதானமா சொல்லிக்குடுங்க. ராத்திரி சாப்பாட்டை அங்கேயே கொடுத்தனுப்பறேன்.”