ஜலசந்தியில் நான்கு பேர்

இரண்டு கரை நாடுகளுக்கும் இடையே சண்டை மூண்டு ஜலசந்தி அடைபட்டு இருபத்தாறு நாளாகியிருந்தது. அதன் வாயில் நங்கூரமிட்டு நின்ற எண்ணெய்க் கப்பலில் மிக்கேல் இன்ஜின் அறைப் பணியாள். சீஃப் ஆபீசர் தொபியாஸ் அவனுடைய ஊர்க்காரர். அவனைக் கப்பல் வேலைக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். ஒரு தாளை நீட்டினார்.

"ஊருக்குப் போறவங்க லிஸ்ட்டுடே. கையெழுத்துப் போடு."

படிக்காமலே போட்டான்.

மறுநாள் காலை படகு வந்தது. பெட்டியோடு நின்றவனை, மேலே ஏறிவந்த கரைக்காவல் அதிகாரி தடுத்தார். இவ்வளவு எண்ணெயோடு கப்பலை ஆளில்லாமல் விடமுடியாது, வழி திறக்கும்வரை தங்க நான்கு பேர் சம்மதித்திருக்கிறார்கள் என்று தாளைக் காட்டினார். மூன்றாவது கையெழுத்து மிக்கேலுடையது.

தொபியாஸ் ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தார்.

"எண்ணே, இது என்னண்ணே?"

"எனக்கும் பிள்ளைங்க இருக்குல்லா," என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடி. "ஒன் வீட்டுல நான் போய்ச் சொல்லிக்கிடுதேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

அதிகாரி இறங்கியதும் படகு கிளம்பியது. கயிற்றேணியை மேலே இழுக்க ஆள் வேண்டியிருந்தது. மிக்கேல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இழுத்தான்.